இது தண்ணி, சக்கரம் மேல

பெரிய விமானம் ஓட்டுபவரின் முகத்தைப் பயணிகள் பார்ப்பதே இல்லை. எங்களைப் போலச் சின்ன விமானம் ஓட்டுபவனின் பிடரியை மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே வருவார்கள். நடுவில் கதவு கிடையாது. நாங்கள் தலையைச் சொறிந்தால்கூடப் பின்னால் யாராவது கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். எட்டு வருஷம் போட்ஸ்வானாவில், மணலில் கோடு கிழித்தது மாதிரி இருக்கும் ஓடுதளங்களில், யானைகளை விரட்டிவிட்டு இறங்கும் வேலை பார்த்தவன். அங்கே சுற்றுலா வந்த மலேசியாவின் ஜொகூர்ப் பெண் பிரேமா என் விமானத்தில் இரண்டு பை நிறைய வாந்தியெடுத்தாள். மறுவருஷம் என்னைக் கல்யாணமும் செய்துகொண்டாள். பிள்ளை உண்டானதும் தலைப்பிரசவம் கூலாயில், பிறந்த வீட்டில்தான் என்றாள். நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து வீட்டோடு மாப்பிள்ளை ஆனேன். பிரேமா விடியுமுன் எழுந்து பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவாள். நான் வாசலில் நின்று கையசைப்பேன். புது நாட்டில் வேலை தேடி அலைந்த சகோதர சகோதரிகளே, உங்களுக்கு அந்தக் கையசைப்பின் வலி தெரியும். ஆப்பிரிக்காவில் புலி, கூலாயில் எலி. ஆப்பிரிக்காவில் புலியே கிடையாது என்பது வேறு விஷயம்.

பழைய கம்பெனி வேறு, எப்போது திரும்பி வருகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளை பிறக்கும் சமயத்துக்குள் இங்கே ஒரு வேலை அமையவில்லை என்றால் நான் போய்த்தான் ஆகவேண்டும். பிள்ளையைக் கைபேசித் திரையில்தான் வளர்க்க வேண்டியிருக்கும்.

மாமனாருக்குக் கிடைத்த வேலை

மெர்சிங் கடற்கரையிலிருந்தும் செனாய் விமான நிலையத்திலிருந்தும் தீவுகளுக்கு ஆள் ஏற்றும் ஒரு சிறு கம்பெனி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரே விமானம். அடியில் இரண்டு நீளமான மிதவைகள், மிதவைகளுக்குள் மடங்கும் சக்கரங்கள். தரையிலும் இறங்கும், கடலிலும் இறங்கும். நேர்காணல் மெர்சிங் படகுத்துறையில். என் மாமனார் கோவிந்தன் தன் பழைய காரில் என்னைக் கொண்டுபோய் விட்டார். பாசிர் கூடாங் துறைமுகத்தில் கப்பல்களைக் கயிறு போட்டுக் கட்டும் கூட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர்.

எல்லோரும் தவுக்கே என்று அழைக்கும் சீன முதலாளியும், தலைமை விமானி கேப்டன் ஹாலிமும் என்னைக் கேள்வி கேட்டார்கள். தண்ணீரில் இறங்கிய அனுபவம் உண்டா என்றார் ஹாலிம். மழைக்காலத்தில் ஓடுதளமே தண்ணீராகத்தான் இருக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து இன்னொரு விமானி ஓட்டி வந்த விமானம் கரையை நெருங்கியது. காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளியது. துறையில் நின்ற ஆள் வீசிய கயிற்றைத் தவறவிட்டார். இறக்கை போய் மரத்தூணில் இடிக்க ஒரு கை அகலம்தான் பாக்கி. தேநீர் குடித்துக்கொண்டிருந்த மாமா கோப்பையை எங்கே வைத்தார் என்று நான் பார்க்கவில்லை. கயிறு அவர் கையில் இருந்தது, அடுத்த கணம் இரும்புக் குற்றியில் இருந்தது, விமானம் கன்றுக்குட்டி மாதிரி நின்றது. நான் பிரமித்துப்போய் நின்றேன். தவுக்கேயும்தான்.

அங்கேயே, அப்போதே, மாமாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. விமானத்தில் கூடவே பறந்து, தீவுத் துறைகளில் இறங்கிக் கயிறு கட்டும் வேலை. என்னைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் நான் மைல்கற்களை எண்ணிக்கொண்டு வந்தேன். கோத்தா திங்கி தாண்டியதும் மாமாதான் ஆறுதலாகச் சொன்னார்: "கவலப்படாதீங்க மாப்பிள்ளை. எடம் காலியானா நான் ஒங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்."

முடிவில்லாத நிரை

சொல்லி வைத்தாரோ என்னவோ, எனக்கும் அழைப்பு வந்தது. ஹாலிமுக்குப் பக்கத்து இருக்கையில் சில மாதம் பழக வேண்டும். கடைசியில் அவர் ஒரு சோதனைப் பறத்தல் வைப்பார். தேறினால் வேலை, தேறாவிட்டால் போட்ஸ்வானா. ஹாலிம் தமிழிலேயே பேசியது எனக்கு அடுத்த ஆச்சரியம். செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்தில் அவருடைய அப்பா லாரி ஓட்டினாராம். தோட்டத் தொழிலாளர்களின் லயத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடிக் கற்ற தமிழ்.

முதல் நாள் செனாயில் கிளம்பி வடக்கே ஒரு வட்டம் அடித்தோம். எட்டு வருஷம் மஞ்சள் மணலையும் முள்மரத்தையும் பார்த்த கண்ணுக்குக் கீழே இருந்தது பச்சை, பச்சை, மேலும் பச்சை. வகிடு எடுத்துச் சீவிவிட்டது போல எண்ணெய்ப்பனை வரிசைகள். அதைத் தாண்டி வரிசையே இல்லாத பெருங்காடு, காட்டின் தலையிலிருந்து எழும் ஆவி. கிழக்கே கடல், அதில் தீவுகள். வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. ஹாலிம் என்னை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

பின்னால் மாமா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தார். விமானத்தில் ஏறுவதே அவருக்கு அதுதான் முதல் தடவை. செடெனாக்குக்கு மேலே வந்ததும் என் தோளைத் தட்டினார். அவருடைய அம்மா ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டம் அங்கேதான் இருந்ததாம். பாதி இப்போது எண்ணெய்ப்பனை. மீதி இடத்தில் ஜன்னலே இல்லாத வெள்ளை வெள்ளைக் கட்டடங்கள், உலகத்தின் கணினிகளெல்லாம் ஏ.சி. குளிரில் கிடக்கும் கிடங்குகள். எது எந்த இடம் என்று அவர் நிதானமாகத் தேடினார். பிறகு ஒரு மண் சாலை மர வரிசையை, அந்த நிரையை, வெட்டிக்கொண்டு போகும் இடத்தைக் காட்டிச் சொன்னார்: "இந்த நெரைக்கு முடிவே இல்லடான்னு எங்கம்மா அழுவாங்க. முடியுது பாருங்க, அந்தா."

எந்த மொழியில் பயம்

இந்த வகை விமானத்துக்கு ஒரே ஒரு பெரிய கண்டம் உண்டு. தரையில் இறங்கும்போது சக்கரம் கீழே இருக்க வேண்டும். தண்ணீரில் இறங்கும்போது மேலே மடங்கியிருக்க வேண்டும். தரையில் மாற்றிச் செய்தால் மிதவை தேயும், மானம் போகும், அவ்வளவுதான். தண்ணீரில் மாற்றிச் செய்தால் சக்கரம் தண்ணீரைக் கவ்வி, விமானம் தலைகுப்புறக் கவிழும். உள்ளே இருப்பவர்கள் கடலுக்கடியில் தலைகீழாகத் தொங்குவார்கள்.

போட்ஸ்வானாவில் என் விமானத்தின் சக்கரம் மடங்காது. அது பிறந்ததிலிருந்து கீழேதான் இருந்தது. ஆகவே சக்கரத்தைப் பற்றி நினைக்கும் பழக்கமே எனக்கில்லை. ஹாலிமின் சட்டம் இது: ஒவ்வொரு முறை இறங்குமுன்னும் எங்கே இறங்குகிறோம், சக்கரம் எங்கே இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முணுமுணுக்கக் கூடாது. கடைசி இருக்கை வரை கேட்க வேண்டும். நான் கூச்சத்தோடு ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். நாலைந்து நாள் கேட்டுவிட்டு, நான் ரேடியோ செய்தி வாசிக்கிற மாதிரி சொல்வதாகக் குறைபட்டார். எந்த மொழியில் சொல்லட்டும், மலாயிலா என்றேன். அவர் யோசிக்கவே இல்லை.

"நீ எந்த மொழியில பயப்படுவியோ, அந்த மொழியில சொல்லு."

குளியலறை வரை

அன்றிலிருந்து 'இது தண்ணி, சக்கரம் மேல. இது தரை, சக்கரம் கீழ' என்பது என் வாயில் ஒட்டிக்கொண்டது. மோட்டார் சைக்கிளில் போகும்போது சொன்னேன். ரொட்டிச் சானாய்க் கடையில் வரிசையில் நிற்கும்போது சொன்னேன். கோயிலில் தீர்த்தம் வாங்கும்போது கையை நீட்டிக்கொண்டே சொல்லிவிட்டேன். குருக்கள் ஒரு கணம் தயங்கி, எனக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக விபூதி கொடுத்தார். வீட்டில் மாமா சாப்பிட்டுக்கொண்டே என்னோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள் விடியற்காலை குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பிரேமா, மேடிட்ட வயிற்றோடு, கதவைத் தட்டினாள்.

"இது பாத்ரூம், கதவு பூட்டி இருக்கு. சீக்கிரம் வாங்க, எனக்கு பஸ் போயிரும்."

தராசு

சின்ன விமானத்தில் ஏறும் எல்லாவற்றுக்கும் எடை பார்க்க வேண்டும். மூட்டை முடிச்சு மட்டுமல்ல, மனிதர்களையும் தராசில் ஏற்றுவோம். ஜொகூர் மக்கள் சாப்பாட்டில் தாராளம். தராசில் ஏறும்போது மட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். செருப்பு கனம் என்பார்கள், தீபாவளி இப்போதுதான் முடிந்தது என்பார்கள். எடை பார்க்கும் வேலை மாமாவுடையது. எண்ணை உரக்கச் சொல்லாமல் என் காதில் மட்டும் சொல்லும் நாகரிகம் அவருக்கு இருந்தது.

ஒருநாள் குளுவாங்கிலிருந்து ஓர் அம்மாள் மகளோடும் மருமகனோடும் வந்தார். கணவரின் அஸ்தியைத் தீவுகளுக்கு அப்பால், ஆழ்கடலில் கரைக்க வேண்டுமாம். அவர் உயிரோடிருந்தபோது இந்த விமானத்தைக் கரையிலிருந்து பார்த்து, ஒருநாள் இதில் போகணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். மூன்று பேரும் தராசில் ஏறி இறங்கினார்கள். அந்த அம்மாள் கையில் சிவப்புத் துணி கட்டிய கலசம். அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நான் மாமாவைப் பார்த்தேன், மாமா கடலைப் பார்த்தார். ஆனால் சட்டம் சட்டம்தான். அந்த அம்மாளே புரிந்துகொண்டு, கலசத்தைக் குழந்தையை இறக்கிவைப்பது போலத் தராசில் வைத்தார். முள் கொஞ்சம்தான் அசைந்தது.

கடலில் இறங்கி இன்ஜினை அணைத்தோம். அத்தனை பெரிய நிசப்தத்தை நான் கலஹாரிப் பாலைவனத்தில்கூடக் கேட்டதில்லை. அந்த அம்மாள் மிதவையில் உட்கார்ந்து, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கலசத்தைச் சரித்தார். சாம்பல் ஒரு நிமிஷம் வெள்ளையாக நின்று, பிறகு நீலத்தோடு போனது. நாங்கள் எல்லோரும் அழுதோம், ஹாலிமும்தான். திரும்பி வந்து இறங்கியபோது அந்த அம்மாள் தராசைக் கடந்து போகையில் ஒரு நொடி நின்றார்.

"ஒடம்ப கொறைங்க, கொறைங்கன்னு வாழ்நாள் பூரா சண்ட போட்டேன். இவ்ளோ கொறைக்கச் சொல்லல."

மழைச் சுவர்

ஆப்பிரிக்காவில் மழை வருவது நேற்றே தெரியும். இங்கே பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிறக்கிறது. ஒரு மத்தியானம், பள்ளி ஆசிரியர்கள் சிலரோடு திரும்பும் வழியில், கரைக்கும் எங்களுக்கும் நடுவே வெள்ளை மேகம் ஒன்று சாம்பலாகி, கறுத்து, கடலிலிருந்து வானம் வரை சுவராக எழுந்தது. சுவருக்குள் மின்னல் ஓடியது. எனக்குப் பயத்தைவிட வியப்பே அதிகம். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரி பார்த்தேன். ஹாலிம் அலட்டிக்கொள்ளாமல் ஒரு தீவின் மறைவில் இறக்கச் சொன்னார். தண்ணி, சக்கரம் மேல என்று உரக்கச் சொல்லி, அவர் கை கட்டுப்பாட்டுக் கோலின் மேலேயே இருக்க, இறக்கினேன்.

மழை எங்கள் தலைக்கு மேல் வந்து, எங்களை ஆட்டிவிட்டு, கடந்து போகும்வரை மிதந்துகொண்டிருந்தோம். ஆசிரியர்கள் பாட்டுப் பாடினார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு மெர்சிங் மீனவரும் படகில் ஒதுங்கியிருந்தார். மாமா அவருக்குக் கயிற்றை வீசி, மலாயில், எங்களைத் துறைப்பக்கம் கொஞ்சம் இழுத்துவிட முடியுமா என்று கேட்டார். மீனவர் எங்கள் இறக்கையை, மிதவையை, அதில் மடங்கிக் கிடந்த சக்கரத்தை எல்லாம் ஆற அமரப் பார்த்தார். அவர் சொன்னதை மாமா எனக்குத் தமிழில் சொன்னார்: "கார், படகு, பிளேன், மூணுல எதுன்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு வாங்க."

ஆமை

சோதனை நாள் வந்தபோது பிரேமாவுக்கு வலி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போட்ஸ்வானாக் கம்பெனியும் அந்த வார முடிவுக்குள் பதில் கேட்டிருந்தது. பயணிகள் இல்லை. நான் ஓட்ட, ஹாலிம் பக்கத்தில், மாமா கயிற்றோடு பின்னால் முதல் ஜன்னலில். செனாயில் கிளம்பினேன், சக்கரத்தை மடக்கினேன், சக்கரத்தின் நிலையைக் காட்டும் விளக்குகளைச் சரிபார்த்தேன். எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி போனது. தீவை நெருங்கித் தாழ்ந்து வரும்போது ஹாலிம் வலதுபக்கம் கையை நீட்டினார். அங்கே ஆமை.

ஒன்றல்ல. கண்ணாடித் தண்ணீருக்குள் பெரிய பெரிய கடலாமைகள், நிழல்களை மணலில் இழுத்துக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. பிறக்கப்போகும் பிள்ளைக்கு இதைக் காட்ட வேண்டும், இந்த ஊரில் இருந்து காட்ட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. கண்ணை மனசில்லாமல் பிடுங்கி முன்னால் வைத்தேன். உரக்கச் சொன்னேன்: "இது தண்ணி. சக்கரம் மேல."

பின்னாலிருந்து குரல் வந்தது. பதற்றமே இல்லாத, கப்பலுக்குக் கயிறு போடும் குரல்: "மேல இல்ல மாப்பிள்ளை. கீழ இருக்கு."

இருக்காது என்று சொல்ல நாக்கு எழுந்தது. அதற்குள் கை இன்ஜினை முழு வேகத்துக்குத் தள்ளியிருந்தது. மூக்கைத் தூக்கினேன். அலைகளை விட்டு மேலே ஏறி, மூச்சு வந்த பிறகுதான் கீழே பார்த்தேன். சக்கரத்தை ஏற்றி இறக்கும் நெம்புகோல் கீழே. விளக்குகளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. வாய் சொன்னதே ஒழிய என் கண் பார்க்கவில்லை. அவ்வளவுதான், போட்ஸ்வானா என்று நினைத்தேன். ஹாலிம் தன் கையை நெம்புகோலின் பக்கத்திலிருந்து சாவகாசமாக எடுத்துக்கொண்டார்.

ஆமையை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது நெம்புகோலைக் கீழே தட்டிவிட்டவர் அவர்தான். விமானத்தை எந்த நொடியிலும் பிடுங்கிக்கொள்ள அவருடைய இன்னொரு கை தயாராகவே இருந்ததாம். துறையில் கட்டிய பிறகு நிதானமாகச் சொன்னார். வாய் சொல்லும், கண் பார்க்காது. இது எல்லா விமானிக்கும் நடக்கும், அவருக்கும் நடந்திருக்கிறது. வாய்விட்டுச் சொல்லச் சொல்வதே நமக்காக அல்ல, நம்மை மறுத்துப் பேச இன்னொருவருக்கு இடம் கொடுக்கத்தான். மறுநாள் இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். அன்று ஆமை இருந்த பக்கமே நான் திரும்பவில்லை. வாயோடு கண்ணும் சேர்ந்து சொன்னது. இறங்கியதும் கைகொடுத்தார். வேலை கிடைத்துவிட்டதா என்று நம்பாமல் கேட்டேன்.

"இதே வேலைய எத்தனையோ பேர்கிட்ட செஞ்சிருக்கேன். பின்னால இருந்து யாராச்சும் சொன்னா, எனக்குத் தெரியும்னு வாதாடுவாங்க லா. நீ ஒருத்தன்தான் வாய மூடிட்டு மேல தூக்குன."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போட்ஸ்வானாவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பிரேமா சோபாவில் சாய்ந்தபடி என் கையைத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அப்பாவைப் பார்த்து, அங்கே என்னதான் நடந்தது என்று கேட்டாள். மாமா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "நான் சொல்லி மாப்பிள்ளை ஒடனே கேட்டது இதுதான் மொத தடவ."

இப்போதெல்லாம் பயணிகள் என் பிடரியை முறைத்துப் பார்த்தால் எனக்குக் கோபமே வருவதில்லை. நன்றாகப் பார்க்கட்டும், அங்கே எனக்குக் கண் கிடையாது.